நாலாவது வரிசையில் வெளிச்சம்

இடைவேளை முடிந்து திரை விலகுகிறது, நான் மேடை நடுவில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் ரூம் சாவியை விரலில் சுழற்றியபடி நிற்கிறேன், வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிப்பு வருகிறது, நான் தேடுவது நாலாவது வரிசை, நடைபாதையை ஒட்டிய நாற்காலி, இருக்கிறாள், கோகிலா இருக்கிறாள், போனை மடியில் கவிழ்த்து வைத்து அதன்மேல் உள்ளங்கையைப் பதித்திருக்கிறாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. விரலிடுக்கில் வெளிச்சம் இல்லை. அப்படியானால் இன்னும் ஒன்றும் வரவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண் என்னைப் படம் பிடிக்கிறாள், அவள் போனின் வெளிச்சம்தான் கோகிலாவின் கன்னத்தில் பாதிக்கு விழுகிறது, அந்தப் பாதிக் கன்னத்தை வைத்துத்தான் என் மனைவியை நான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பேசு. பஞ்சநதம் பேச வேண்டும். பஞ்சநதம் என் வேஷம், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், யாருக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று முடிவு செய்பவன், அந்த ஒரு சாவியை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி நடப்பவன். தணிகாசலம் என்பது நான், மின்வாரியத்தில் கணக்குப் பிரிவு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடிகன், நந்தகோபாலின் அப்பா. அப்பாதான். இதுவரைக்கும் அப்பாதான், வேறு விதமாக யாரும் வந்து சொல்லவில்லை. “மூணாவது மாடிக்குத் தண்ணி கிடையாது,” என்கிறேன், குரல் தானாக வருகிறது, அதற்கு நான் தேவையில்லை, சபை சிரிக்கிறது.

நேற்றுக் காலை டிவியில் கீழே ஓடும் எழுத்தில் வந்தது, ஓமன் அருகே எண்ணெய்க் கப்பலில் தீ. கோகிலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அந்தப் பக்கம் எத்தனையோ கப்பல் போகும் என்றாள், நானும் ஆமாம் என்றேன், இரண்டு பேரும் அடுத்த முறை அந்த எழுத்து ஓடி வரும்வரை மூச்சு விடவில்லை, அதில் கப்பலின் பெயர் இருந்தது. நந்து அதில் ஜூனியர் இன்ஜினியர், இயந்திர அறையில், கப்பலின் அடிவயிற்றில், அங்கே இருக்கிற சூட்டில் சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் வரும்மா என்று போனில் சொல்லிச் சிரிப்பான். மும்பையில் இருக்கும் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் ஒரு பெண் நாங்கள் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பேசினாள், பாதிப் பேரை இன்னொரு கப்பல் மீட்டுவிட்டது, பெயர்கள் தெரியவில்லை, தெரிந்ததும் கூப்பிடுவோம். பாதிப் பேர். ராத்திரி முழுக்க நான் கூடத்தில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், பாதி என்ற சொல் ஃபேனோடு சுற்றியது, பாதி என்றால் எந்தப் பாதி, மேல்தட்டில் இருந்தவர்களா, கீழே இருந்தவர்களுமா, ஒரு மனிதனில் பாதியை மீட்க முடியாது, அவன் முழுசாக இந்தப் பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் முழுசாக அந்தப் பக்கம். இன்று காலை எட்வினைக் கூப்பிட்டுச் சொன்னேன், அவன்தான் எங்கள் குழுவின் இயக்குநர், நாடகத்தை எழுதியவனும் அவன்தான், அவன் உடனே நாடகத்தை ரத்து பண்ணிடலாம் தணிகை, நீ ஒண்ணும் யோசிக்காதே என்றான். கோகிலாதான் வேண்டாம் என்றாள். “நீங்க ஃபேனைப் பார்க்கறீங்க, நான் உங்களைப் பார்க்கறேன். இன்னிக்கு சாயங்காலமும் இப்படியே இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். நீங்க போய் நடிங்க. நானும் வந்து கூட்டத்துல உக்காந்துக்கறேன்.” அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் என்று நந்து அம்மாவின் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறான், அதனால் போன் அவளிடம். நல்ல செய்தி என்றால் ஒரு சைகை காட்டு, கெட்டது என்றால் இன்னொன்று என்று பஸ்ஸில் வரும்போது கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, கெட்டதுக்கு எதுக்கு அடையாளம் வெக்கணும் என்றாள். அதன் பிறகு நல்லதுக்கும் வைக்கவில்லை.

முன்பெல்லாம் இது முடியாது, போனை அணைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், அந்த அறிவிப்பை மைக்கில் படித்தவனே நான்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் எட்வின் வீட்டில் கூடிப் பேசினோம், இனிமேல் போனை அனுமதிக்கலாம், படம் பிடிக்கட்டும், நெட்டில் போட்டுக்கொள்ளட்டும், நாலு பேர் பார்த்துவிட்டு வருவார்கள் என்றான், நான் ஒருவன்தான் எதிர்த்தேன், கத்தினேன் என்றே சொல்லலாம். இருட்டு வேண்டும் என்றேன். அத்தனை பேரும் ஒரே இருட்டில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடிப்பதற்காகத்தான் நான் இத்தனை வருஷம் லீவு போட்டு ஒத்திகைக்கு வந்தேன், வெளிச்சத்துக்காக இல்லை என்றேன். எட்வின் கோபப்படவில்லை. “கோயில்லகூட இவ்ளோ கட்டுப்பாடு இல்ல தணிகை. காலி நாற்காலிகிட்டதான் நாம இப்ப நடிச்சிட்டிருக்கோம்,” என்றான், மற்றவர்கள் கை தூக்கினார்கள், நான் தோற்றேன். அதற்கப்புறம் ஒரு நாள் நாடகம் முடிந்து ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் அம்மா படுத்த படுக்கையாம், போனை அணைக்கச் சொன்னால் எங்கேயும் போக முடியாதாம், பல வருஷம் கழித்து இன்றைக்குத்தான் நாடகம் பார்க்கிறேன் சார் என்றாள், நான் சந்தோஷம்மா என்று சொல்லிவிட்டு ஒட்டு மீசையைப் பிய்க்கப் போய்விட்டேன், அவள் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. இப்போது அவள் எந்த வரிசையில் இருக்கிறாள். இப்போது எல்லா முகமும் தெரிகிறது, முன்பு ஒன்றும் தெரியாது, மேடை விளக்குக்கு அப்பால் கறுப்பாக ஒரு சுவர் இருக்கும், அந்தச் சுவர் சிரிக்கும், இருமும், இப்போது சுவரில் அங்கங்கே முகவாயும் மூக்கும் நீலமாக மிதக்கின்றன, கழுத்து இல்லாத முகங்கள், தண்ணீரில் மிதக்கிற மாதிரி, வேண்டாம், தண்ணீரில் என்று நினைக்காதே, லைஃப் ஜாக்கெட் போட்டால் தலை மட்டும் இப்படித்தான் மேலே தெரியும், ராத்திரிக் கடலில் யாராவது டார்ச் அடித்துத் தேடினால் முகம் இப்படித்தான், நிறுத்து, “மூணாவது மாடி மேடம், ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

மூணாவது மாடி மேடம் சுபத்ரா. வங்கியில் இருக்கிறாள், என்னோடு பல நாடகங்களில் நடித்தவள், அவளுக்கும் எட்வினுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். அவள் இடுப்பில் கை வைத்து என்னைத் திட்டுகிறாள், திட்டும்போதே கண் என் கண்ணில் இருக்கிறது, விழுந்துவிடுவேனா என்று பார்க்கிற கண். நாலாவது வரிசையில் வெளிச்சம். கோகிலாவின் விரலிடுக்கில் வெளிச்சம். போனைத் திருப்புகிறாள், முகம் முழுக்க நீலமாகிறது, நான் அடுத்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே அவள் உதட்டைப் பார்க்கிறேன், உதடு அசையவில்லை, கண் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது, பிறகு போனை மறுபடி கவிழ்க்கிறாள், என்னைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டுகிறாள். இல்லை என்றால் என்ன. அவன் இல்லை என்றா, ஒன்றும் இல்லை என்றா. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவதில் இத்தனை பெரிய பள்ளம் இருக்குமென்று எனக்குத் தெரியாது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், சாயவில்லை, அழவில்லை, அவள் தங்கை அனுப்பியிருப்பாள், ஏதாவது தெரிஞ்சுதா அக்கா என்று, காலையிலிருந்து அனுப்பிக்கொண்டே இருக்கிறாள், ஆமாம், தங்கைதான், தங்கையாகத்தான் இருக்க வேண்டும். ஒட்டின மீசை மேலுதட்டை இழுக்கிறது, பசை வாசனை மூக்கில் ஏறுகிறது, தீயின் வாசனை எப்படி இருக்கும், எண்ணெய் எரிகிற வாசனை. அடுத்து அந்த வசனம் வருகிறது. மோட்டார் என்னாச்சு என்று சுபத்ரா கேட்பாள், நான் தலையில் கை வைத்துக்கொண்டு எரிஞ்சுபோச்சும்மா, மொத்தமா எரிஞ்சுபோச்சு என்று மூன்று விதமாகச் சொல்ல வேண்டும், மூன்றாவது முறை அழுகைக் குரலில், சபை கைதட்டும், அந்தத் துண்டைத்தான் எல்லோரும் படம் பிடித்துப் போட்டுப் போட்டுப் பிரபலமாக்கிவிட்டார்கள், இப்போதே போன்கள் மேலே எழும்புகின்றன, அவர்களுக்குத் தெரியும், காத்திருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நடந்துவிடும். ஐம்பத்திரண்டு வயதில், கணக்குப் பிரிவில் உட்கார்ந்து அடுத்தவன் தப்பைச் சிவப்பு மையில் சுழிக்கிறவன், சொன்னால் நடந்துவிடும் என்று நம்புகிறேன், கோகிலாவின் காதில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து விழக் கூடாது. சுபத்ரா வாயைத் திறக்கிறாள். என் முகத்தைப் பார்க்கிறாள். மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. “உங்ககிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல சார், நான் மாடிக்குப் போறேன்,” என்று நாடகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு என்னைக் கடந்து போகிறாள், போகும்போது அவள் கை என் முழங்கையை ஒரு கணம் அழுத்திவிட்டுப் போகிறது. தூக்கிய போன்கள் ஏமாந்து இறங்குகின்றன.

அவனுக்கு நீச்சல் தெரியும். கடற்கரைப் பக்கம் இருந்த மாநகராட்சிக் குளத்தில் கோடை விடுமுறையில் கற்றுக்கொண்டான், முதல் நாள் குளோரின் தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தான், இரண்டாம் நாள் போக மாட்டேன் என்று அழவில்லை, துண்டை எடுத்துக்கொண்டு அவனாகவே வாசலில் நின்றான். தயிர்சாதத்துக்கு மிக்ஸரைக் கொட்டிக்கொள்வான், மிக்ஸர் ஊறுவதற்குள் சாப்பிட வேண்டும் என்று அவசரம் அவசரமாக அள்ளுவான், போன மாதம் அனுப்பிய பார்சலில் கோகிலா மிக்ஸர் வைத்தாள், அது போய்ச் சேர்ந்ததா. சேர்ந்தது என்றான். சாப்பிட்டு முடித்திருப்பானா. முடித்திருக்க வேண்டும். அது மிச்சமிருந்தால் என்னால் தாங்க முடியாது, எது மிச்சமிருந்தால், என்ன நினைக்கிறேன் நான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரைக்கும் தண்ணீர், நடுவில் தீ, அதை அணைக்கத் தண்ணீர் இல்லையா என்று குழந்தை மாதிரி மனசு கேட்கிறது, இங்கே நான் நின்றுகொண்டு சாவியைச் சுழற்றி, மூணாவது மாடிக்குத் தண்ணி கிடையாது, மூணாவது மாடிக்கு மட்டும் இல்லை, யாருக்கும் கிடையாது, இந்த வேஷத்தை எனக்கு எழுதினவன் எப்படி எழுதினான், இன்றைக்கு என்று பார்த்து. போன மாதம் கடைசியாகப் பேசியபோது அவன் என்ன சொன்னான் என்று நேற்றிலிருந்து தேடுகிறேன், பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, அங்கே மழையாப்பா என்று கேட்டான், தூறல் என்றேன், சரிப்பா வெக்கறேன் என்றான். தூறல் என்று சொல்லியிருக்க வேண்டாம். வேறு என்ன சொல்லியிருக்கலாம். தெரியவில்லை, வேறு எதையுமே என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, வசனம் எழுதிக் கொடுக்காவிட்டால் எனக்கு ஒன்றுமே பேசத் தெரியாது.

விளக்குகள் அணைகின்றன. இது எட்வின் புதிதாகச் சேர்த்த காட்சி, போனை அனுமதித்த பிறகு சேர்த்தது, அடுக்குமாடியில் மின்சாரம் போய்விடும், பஞ்சநதம் இருட்டில் தட்டுத் தடுமாறி சபையைப் பார்த்து, ஐயா, கொஞ்சம் அந்த டார்ச்சைப் போடுங்களேன், படிக்கட்டு தெரியலை என்று கெஞ்சுவான், எல்லோரும் போட வேண்டும், அதில் அவர்களுக்கு அத்தனை சந்தோஷம். டார்ச் போடத் தயாராகப் படம் பிடித்த போன்களும் இறங்குகின்றன, ஒரு கணம் முழு இருட்டு. நான் கேட்ட பழைய இருட்டு. இதிலேயே நின்றுவிடலாம், இதில் யாருக்கும் எந்தச் செய்தியும் வராது, நந்து எந்தப் பாதியிலும் இல்லாமல் இப்படியே இருப்பான், அந்த ஆசை வந்ததும் பயமாக இருக்கிறது, வசனத்தைச் சொல்லிவிடுகிறேன். “ஐயா, கொஞ்சம் டார்ச்சைப் போடுங்களேன்.” இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆரம்பித்து ஒரே மூச்சில் அத்தனையும் எரிகின்றன, கண் கூசுகிறது, கையைக் குடையாகப் பிடித்துப் பார்க்கிறேன், முதல் வரிசை, இரண்டாவது, தூண், நாலாவது வரிசை, நடைபாதையை ஒட்டிய நாற்காலி. அது மடங்கி நிற்கிறது. ஆள் எழுந்ததும் தானாக மடங்கிக்கொள்ளும் நாற்காலி. கைப்பை கீழே கிடக்கிறது. பக்கத்துப் பெண் டார்ச்சைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கிறாள், அவள் சிரிப்பில் ஒன்றும் இல்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. கோகிலா பையை விட்டுவிட்டு எங்கேயும் போக மாட்டாள்.

அடுத்து நான் படிக்கட்டில் வழுக்கி விழ வேண்டும். விழவில்லை. நாக்கில் பஞ்சநதம் இல்லை. “அங்க ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க,” என்கிறேன், என் சொந்தக் குரல் மைக்கில் எவ்வளவு மெலிசாக இருக்கிறது, “அவங்க எங்க போனாங்கன்னு யாராவது பார்த்தீங்களா?” சிரிக்கிறார்கள். நாடகம் என்று நினைக்கிறார்கள், நினைக்கத்தான் செய்வார்கள், சில போன்கள் என்னை நோக்கி இன்னும் கொஞ்சம் முன்னால் வருகின்றன. பின்னால் யாரோ, தண்ணி பிடிக்கப் போயிருக்காங்க சார் என்கிறார்கள், அதற்குப் பெரிய சிரிப்பு. “என் சம்சாரம்ங்க அவங்க. என் பையன் கப்பல்ல இருக்கான். கப்பல் எரிஞ்சுபோச்சு.” சொல்லிவிட்டேன். சொல்ல மாட்டேன் என்றதைச் சொல்லியேவிட்டேன், அவர்கள் காத்திருந்த வார்த்தை அது, கைதட்டல் ஆரம்பிக்கிறது, ஆரம்பித்து நடுவிலேயே தடுக்குகிறது, முன்வரிசையில் ஒரு பெரியவர் போனை மெதுவாக மடிக்கு இறக்குகிறார், அவர் என் முகத்தைத் திரையில் பார்க்காமல் நேராகப் பார்க்கிறார். சுபத்ரா மேடைக்கு வந்து என் பக்கத்தில் நிற்கிறாள், அவர் நெஜமாத்தான் சொல்றார் என்று மைக் இல்லாத குரலில் சொல்கிறாள். சிரிப்பு வரிசை வரிசையாக நிற்கிறது. டார்ச்சை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை, அணைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், இத்தனை பேர் ஒன்றாக மூச்சைப் பிடித்திருக்கிறார்கள், இறங்கி ஓட வேண்டும், படி எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது. பின் கதவு திறக்கிறது. கோகிலா. நடைபாதையில் வருகிறாள், ஓடவில்லை, ஒரு கையால் நாற்காலிகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து நடக்கிறாள், இன்னொரு கையில் போனைக் காதோடு அழுத்தியிருக்கிறாள், இரண்டு பக்கமும் டார்ச்சுகள் அவள்மேல் திரும்புகின்றன, முகம் பட்டப்பகல் மாதிரி தெரிகிறது, நனைந்து, வாய் கோணி, இருபத்தாறு வருஷமாகப் பார்க்கும் முகம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மேடை விளிம்பில் நின்று போனை நீட்டுகிறாள். “சிரிப்புச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, அதான் வெளிய போனேன். நந்து. லைன்ல இருக்கான்.” நான் உட்கார்ந்துவிடுகிறேன், மண்டியிட்டேனா விழுந்தேனா, போன் சுடுகிறது, அப்பா என்கிறது, தொண்டை கிழிந்த குரல், ஆனால் அவன்தான், அவன் ஒருவன்தான் அப்பாவில் அந்த இரண்டாவது எழுத்தை அப்படி அழுத்துவான். கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம், கையில் மட்டும் காயமாம், புகையால் தொண்டை இப்படியாம். நான் ம் என்கிறேன், ம், ம், அழுகிறேன் போலிருக்கிறது, மீசை ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. போனுக்குள் டொக் டொக்கென்று ஒரு சத்தம் குறுக்கே வருகிறது. என்னடா சத்தம் என்கிறேன், இதுதான் நான் என் மகனிடம் கேட்ட முதல் கேள்வி. “அப்பா, இது என் போன் இல்ல. பென்னட்டோடது. என்னோடதுல சார்ஜ் இல்லன்னு வாங்கி சட்டைல வெச்சிருந்தேன். என் கேபின்ல இருந்தவன்ப்பா, தூத்துக்குடி. அவன் கீழருந்து வரல. நான் பார்த்தேன்.” மறுபடி அந்தச் சத்தம். “அவங்க அம்மா. போனை ஆன் பண்ணதுலேர்ந்து கூப்பிட்டுட்டே இருக்காங்க. நான் கட் பண்ணிட்டு அம்மாவுக்குப் பண்ணேன். ஏஜென்ட்டே சொல்லிக்கட்டும்ப்பா. நான் எடுக்காம இருந்துடட்டுமா?” இரு என்று சொல்லத்தான் வாய் வருகிறது, இருடா, வைக்காதே, பேசிக்கொண்டே இரு, ராத்திரி முழுக்கப் பேசு, நீ என்னுடையவன், இந்தப் பாதியில் இருக்கிறாய், வேறு எதுவும் எனக்கு வேண்டாம். டொக் டொக். தூத்துக்குடியில் ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் காதில், நீங்கள் அழைக்கும் எண் வேறொரு அழைப்பில் உள்ளது என்று கேட்டுக்கொண்டிருக்கும். பேசுகிறான், என் பிள்ளை யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறான் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லுவாள், சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் பேசப் பேச பென்னட் அங்கே உயிரோடு இருந்துகொண்டே இருக்கிறான். “நந்து, நான் வெக்கறேன். அவங்க கூப்பிட்டா எடு.” அப்பா என்கிறான். “நீ யாருன்னு மொதல்ல சொல்லு. அப்புறம் சொல்லு. அழுதாங்கன்னா வெச்சிடாத. அவங்களா வெக்கிற வரைக்கும் நீ வெக்காத.” அவன் சரி என்று சொன்னானா, சரியாகக் கேட்கவில்லை. கோகிலா இன்னும் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டுத் தருகிறேன் என்று மேடை விளிம்பிலிருந்து கையை நீட்டுகிறாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே சிவப்பை அழுத்துகிறேன்.